ஓடாத காரில் ஒரு வகுப்பு

கதவைச் சாத்தி, கண்ணாடியை முழுக்க ஏற்றி, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்ட பிறகுதான் ஸ்டாட்ஸ் மேடம் போனைக் கையில் எடுப்பார். வண்டி எங்கேயும் போகாது. ஊரடங்கு தொடங்கியதிலிருந்து குடியிருப்பின் கீழ்த்தளத்தில் தூசி படிந்து நிற்கிற பழைய கார் அது. மேலே வீட்டில் ஓர் அறை கணவரின் அலுவலகம், இன்னொன்று மகளின் வகுப்பு. அடுத்தவர் ரகசியத்தைக் காதில் வாங்க அவருக்கு மிஞ்சிய அறை இதுதான்.

"நிக்கிற வண்டியில எதுக்கு பெல்ட்டு? யாரு ஃபைன் போடப் போறா?" என்று கணவர் சீண்டுவார்.

"கட்டலைன்னா எந்திரிச்சு ஓடிடுவேன். அந்தப் பிள்ளைங்க வாழ்க்கையையும் நானே வாழ்ந்து குடுத்துட்டு வந்துருவேன்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மேடம் பொறுமைசாலி அல்ல. சாலையைக் கடக்கத் தயங்குகிறவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற ரகம். கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது அவருக்குப் பிறவியில் வரவில்லை, பழகிக்கொண்டார். இப்போதும் சில நாள் அது நழுவும். அப்போது இடது கை பெல்ட்டை இறுகப் பற்றிக்கொள்ளும்.

பெயர் ஸ்டாட்ஸ் மேடம் என்றாலும் அவர் புள்ளியியல் ஆசிரியரும் அல்ல. பல்கலைக்கழகத்தின் மனநல ஆலோசகர். முதுகலையில் புள்ளியியல் தாளை மட்டும் அரியர் வைத்து, தட்டுத் தடுமாறித் தேறியவர். விடுதியைப் பூட்டி மாணவர்களை வீட்டுக்கு அனுப்பிய வாரத்தில்தான் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒற்றை அறை வீட்டில், அப்பா அம்மா காதுபட, 'எனக்கு வாழப் பிடிக்கவில்லை' என்று எந்தப் பிள்ளை பேசும்? "யாரு போன்ல?" என்ற கேள்விக்கு ஒரு மாணவன் வாயில் வந்ததைச் சொன்னான்: "ஸ்டாட்ஸ் மேடம்ப்பா." அந்தப் பொய் மற்றவர்களுக்கும் வசதியாகப் போயிற்று. எத்தனையாவது பாடம் என்று மேடம் கேட்பார். ஒன்று என்றால் பரவாயில்லை. ஐந்து என்றால் தாங்கவில்லை.

வேடம் எப்போதும் சுலபமாக இருந்ததில்லை. ஒரு தகப்பனார் போனைப் பிடுங்கி, "ஸ்டாண்டர்ட் டீவியேஷன்னா என்ன மேடம்? எனக்கும் கொஞ்சம் சொல்லுங்க" என்று கேட்க, மூடிய காருக்குள் வியர்த்துக் கொட்டிய மேடம், "அது அடுத்த வாரம் சார், போர்ஷன்ல இன்னும் வரல" என்று தப்பித்தார்.

இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவி ஒருத்தி. அம்மா வீட்டிலேயே முகக்கவசம் தைத்துக் கொடுப்பவர். அந்தப் பெண்ணுக்குத் தையல் மெஷினின் இரைச்சல்தான் கதவு. மெஷின் ஓடும்போது உண்மை பேசுவாள். "மேடம், காலையில கண்ணு முழிச்சாலே எதுக்கு முழிச்சோம்னு இருக்கு." மெஷின் நின்றால் அந்தக் கணமே குரல் மாறும். "அந்த ரெண்டாவது ஃபார்முலா புரியல மேடம்." நூல் அறுந்தால் பேச்சும் அறும். நூலைக் கோத்து மெஷின் மறுபடி ஓடும்வரை இருவரும் பாடம் நடத்துவார்கள்.

முதல் நாளே மேடம் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். "நீ சொல்றது எதுவும் என்னைத் தாண்டிப் போகாது. உன் உயிருக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணினா மட்டும் உங்க வீட்டுல சொல்லுவேன். அதுல மாத்தமே இல்ல."

"சரி மேடம்" என்றிருந்தாள், பெரிதாக எடுத்துக்கொள்ளாமல்.

ஒருநாள் போனை அம்மா எடுத்தார். மெஷின் ஓடவில்லை. குரலில் அப்படியொரு மகிழ்ச்சி.

"உங்களுக்குக் கோடி புண்ணியம் மேடம். பொண்ணு தேறிட்டா! நேத்துலேருந்து சிரிச்ச முகம். இப்பகூட தம்பிக்குத் தட்டுல சோறு போட்டுக் குடுத்துட்டிருக்கா, எப்பவும் எலியும் பூனையுமா இருக்கிறதுங்க! ஹெட்போன், வாட்ச், கால்குலேட்டர் எல்லாத்தையும் அவனுக்கே குடுத்துட்டா. கால்குலேட்டர் இல்லாம உங்க பாடத்தை எப்படிடி படிப்பேன்னு கேட்டா, இனிமே தேவைப்படாதும்மாங்கிறா. அவ்வளவு நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க!"

மேடத்தின் உடம்பு கதவுப் பக்கம் பாய்ந்தது. பெல்ட் தோளில் வெட்டி இழுத்து நிறுத்தியது.

"அம்மா, நான் சொல்றதைப் பதறாம கேளுங்க. நான் ஸ்டாட்ஸ் டீச்சர் இல்ல."

தான் யார் என்பதைச் சொன்னார். வாழ விருப்பமற்றுப் போனவர்கள் சில சமயம் இப்படித்தான் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு அமைதியாகிவிடுவார்கள் என்றார். "திட்டாதீங்க, அழாதீங்கன்னுகூட சொல்லல. தனியா மட்டும் விடாதீங்க. பக்கத்துலயே இருங்க. சாகணும்னு தோணுதான்னு நேரடியாவே கேளுங்க, கேக்குறதால ஒண்ணும் ஆகாது. நான் டாக்டர்கிட்ட இப்பவே பேசி உங்களைக் கூப்பிட வைக்கிறேன்."

எதிர்முனையில் சின்னக் குரலில் ஒரு கேள்வி வந்தது: "அப்ப, கணக்கு வரலைன்னு நான் அவளைத் திட்டினதெல்லாம்?"

"போய் அவ பக்கத்துல உக்காருங்கம்மா" என்றார் மேடம்.

மருத்துவர் அன்றே பேசினார். சிகிச்சை தொடங்கியது. பெண் உயிரோடு இருந்தாள். கடும் கோபத்தோடும் இருந்தாள். 'நம்பினேன் மேடம்' என்று ஒரு செய்தி வந்தது. அதோடு சரி. முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் செய்தார். என்றாலும் சொன்னபடி செய்வதும் சில சமயம் காட்டிக்கொடுத்தது போலவே வலிக்கிறது, இரண்டு பக்கமும். செய்தது சரி என்று தெரிந்திருப்பது வேறு, அதோடு சோற்றில் கை வைப்பது வேறு. மேடம் சில நாள் தட்டைப் பாதியில் நகர்த்தினார். கணவர் பெல்ட்டைப் பற்றிய கேலியை நிறுத்திக்கொண்டார்.

ஆனாலும் வழக்கமான நேரத்துக்குக் காரில் போய் உட்கார்ந்து கூப்பிடுவார். அம்மாதான் எடுப்பார். "இங்கதான் இருக்கா மேடம். பேச மாட்டேங்கிறா." "பரவால்லம்மா. நான் கூப்பிட்டேன்னு மட்டும் சொல்லுங்க." வாரங்கள் இப்படியே போயின.

ஒரு மாலை அவளே எடுத்தாள். பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க மேல இன்னும் கோவமாத்தான் இருக்கேன்."

"இரு. கோவத்தோடயே பேசு."

"எத்தனாவது பாடம்னு கேக்க மாட்டீங்களா?"

"நீயா சொன்னா கேட்டுக்கிறேன்."

"நாலு" என்றாள். "மாத்திரை போட்டா வாயெல்லாம் காயுது. ஆனா நேத்து பசிச்சுது மேடம். பசிச்சுதுன்னு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. ராத்திரியானாத்தான் பயம்..."

மெஷின் நின்றது.

மேடம் பழக்கதோஷத்தில் ஃபார்முலாவுக்குத் தயாரானார். அவள் பாடத்துக்குத் தாவவில்லை.

"ராத்திரியானாத்தான் பயமா இருக்கு. அம்மா பக்கத்துல படுத்திருக்காங்கன்னு தெரியும். ஆனா எழுப்பினா என்ன நினைப்பாங்களோன்னு..."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "எழுப்புடி. எத்தனை வாட்டி வேணாலும் எழுப்பு. அம்மாவுக்குத் தூக்கமா பெருசு?"

"இல்லம்மா, நீ பாவம், நாள் பூரா தைக்கிற..."

இருவரும் பேசத் தொடங்கியிருந்தார்கள். தங்கள் பேச்சில் போன் திறந்திருப்பதையே மறந்துவிட்டார்கள். ஏதோ சொல்ல மேடத்தின் வாய் திறந்தது. இடது கை பெல்ட்டைப் பற்றியது. வலது கைக் கட்டைவிரல் மெல்ல நகர்ந்து, தன் பக்கத்துச் சத்தம் எதுவும் அங்கே போகாதபடி மைக்கை அணைத்தது.