ஆளிருக்கும் வீடு

இடப்பெயர்வைப் பற்றிப் பத்திரிகையில் பலமுறை எழுதியிருக்கிறேன். வேலைக்காகப் போகிறவர்கள், படிக்கப் போகிறவர்கள், கல்யாணமாகிப் போகிறவர்கள், மழை பொய்த்துக் கிளம்புகிறவர்கள், துரத்தப்பட்டு ஓடுகிறவர்கள் என்று பிரித்து எழுதுவது எளிது. என் அண்ணனை இதில் எங்கே சேர்ப்பது என்றுதான் தெரிந்ததில்லை. கோலார் தங்கவயலிலிருந்து தினமும் காலையில் பெங்களூருக்கு ரயிலேறி வந்து, தினமும் மாலையில் திரும்பிப் போனவர் அவர்.

வட ஆர்க்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு அங்கே போன குடும்பம் எங்களுடையது. சுரங்கம் மூடியபோது எங்களிடம் மிஞ்சியது கம்பெனி கொடுத்த லைன் வீடு. ஓர் அறை, ஒரு சமையலறை, தகரக் கூரை. அதுவும் எங்கள் பெயரில் இல்லை. என்றைக்காவது எழுதித் தருவார்கள், ஆனால் வீட்டில் ஆள் குடியிருக்க வேண்டும், பூட்டிக் கிடந்தால் கைவிட்டுப் போய்விடும் என்று காலனியே நம்பியது. இதை யார் சொன்னது என்று விசாரித்துப் பார்த்தேன். ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டினார்கள்.

அண்ணனுக்குப் பெங்களூர் அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை. மகள் இங்கே நர்சிங் படிக்கச் சேர்ந்ததும் அண்ணி அவளோடு பட்டறைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி அறைக்குக் குடிவந்தார். அண்ணன் வரவில்லை. பட்டறை விட்டதும் மாடியேறுவார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலோரம் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடிப்பார். ராத்திரிச் சாப்பாட்டை டப்பாவில் வாங்கிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணிதான் அங்கே போய்வந்தார். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு அதுவும் நின்றது.

"உங்க அண்ணன் நம்ம வூட்டுக்கு விருந்தாளி தம்பி. காபி குடுத்தா கெளம்பிடுவாரு" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

மகளுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்துப் போன பிறகு அந்தச் சிரிப்பு குறைந்துவிட்டது. ஒரு சாயங்காலம் நானும் அங்கே இருந்தேன். அண்ணன் டப்பாவுக்குக் கை நீட்டினார். அண்ணி கொடுக்கவில்லை.

"அந்த வூட்டுக்கு நீங்க தொணை இருக்கீங்க. எனக்கு யாரு இருக்கா?"

"இன்னும் கொஞ்ச நாள்தான். எழுதிக் குடுத்துட்டா வித்துட்டு இங்கயே வந்துடறேன்."

"பாப்பா பத்தாவது படிக்கறப்பவும் இதத்தான் சொன்னீங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணி பக்கம்தான் பேசினேன். ரயிலுக்கு நேரமாகிறது என்றார். அண்ணி டப்பாவைக் கொடுத்துவிட்டார்.

அந்தக் குளிர்காலத்திலேயே ஒரு காலை, அண்ணியின் வீட்டுக்காரம்மா தொம்மலூரில் இருக்கும் என்னைப் போனில் அழைத்து, அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு என்றார்கள். அண்ணனை அழைத்தேன். ரயில் மாலூரைத் தாண்டியிருந்தது. அந்தப் பெட்டியில் அவருடைய கூட்டத்துக்கென்று ஒரு மூலை உண்டு. முழங்கால்களின் மேல் துண்டை விரித்துச் சீட்டாடுவார்கள். அந்தச் சத்தம் போனில் கேட்டது. சாவுச் செய்தியைச் சுருக்கமாகச் சொல்வது என் தொழிலில் பழகிய விஷயம். அப்படித்தான் சொன்னேன்.

சீட்டாட்டச் சத்தம் நின்றது.

"நான் வந்துட்டுதான்டா இருக்கேன்" என்றார் அண்ணன்.

சீட்டாடிய அத்தனை பேரும் அவரோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையும் தோளில் சாப்பாட்டுப் பையுமாக. அன்று யாரும் வேலைக்குப் போகவில்லை. அண்ணியை வண்டியில் ஏற்றியது அவர்கள்தான்.

அப்பா அம்மாவை அடக்கம் செய்த கல்லறைத் தோட்டத்திலேயே அண்ணியையும் அடக்கம் செய்வதென்று முடிவாகி, முதலில் லைன் வீட்டுக்குக் கொண்டுபோனோம். நான் அங்கே போய் வெகுகாலமாகியிருந்தது. சமையலறையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். அறையில் சுருட்டிவைத்த ஒரு பாய். வெளியே கொடியில் அண்ணியின் பழைய சேலைகள் இரண்டு காய்ந்துகொண்டிருந்தன. வெயில் பட்ட பக்கம் மட்டும் நிறமே இல்லை. சாவுக்கு வருகிறவர்கள் பார்ப்பார்களே என்று எடுக்கப் போனேன். பக்கத்து வீட்டம்மா தடுக்கவில்லை, விஷயத்தை மட்டும் சொன்னார். அண்ணன் தினமும் ரயிலுக்குப் போகுமுன் அவற்றை நனைத்து உலர்த்துவாராம், ராத்திரி வந்து மடித்துவைப்பாராம். பொம்பளை குடியிருக்கும் வீடு என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமாம்.

சேலைகளை மடித்து அண்ணியின் தலைமாட்டில் வைத்தேன். மகள் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளால் வர முடியவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, இனிமேலாவது அடுகோடிக்கே வந்துவிடுங்கள் என்று அண்ணனிடம் கெஞ்சினேன். மகளும் அதையே சொல்லியிருந்தாள். வீடு போனால் போகட்டும், இனி யாருக்கு வேண்டும் என்றேன். அவர் சண்டை போடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இப்ப வுட்டுட்டு வந்தா, அவள எதுக்குடா அங்க தனியா வெச்சிருந்தேன்?"

அந்த மாதமே மாடி அறையைக் காலி செய்தோம். அண்ணன் இன்றும் பட்டறைக்கு வருகிறார், வேலை முடிந்ததும் நேராக ஸ்டேஷனுக்குப் போகிறார். வீடு இன்னும் யார் பெயருக்கும் எழுதப்படவில்லை.