கண்ட பிழையைச் சொல்லாத சபாநாதன் சார்

டாக்டர் சபாநாதன் சார் காலமான செய்தியைத் தொலைபேசியில் சொன்னது சுகுமாறன். மாணவப் பருவத்தில் என்னோடு சேர்ந்து அவரிடம் பயிற்சி பெற்றவன்.

"சார் தவறிட்டாரு லா. டத்தோ கிராமாட் ரோட்டு வீட்டுலதான் வெச்சிருக்காங்க. முப்பத்தொண்ணாம் நாளுக்கு நினைவு மலர் போடுவாங்களாம். நீயும் நல்லதா நாலு வரி எழுதிக் குடு."

"நல்லது நாலு வரிதான் வரும். மத்தது?"

"செத்தவங்கள ஏசக்கூடாது."

"ஏசல. நடந்தத எழுதறேன். போடுறதும் போடாததும் அவங்க இஷ்டம்."

அந்த நாலு வரியை முதலில் எழுதிவிடுகிறேன். எண்பதுகளில் பினாங்கில் கணினியைத் தொட்டுப் பார்த்த மாணவர்களே குறைவு. வேதியியல் பேராசிரியராக இருந்த சார், தம் விடுமுறையைக் கொடுத்து, மூலக்கூறுகளின் வடிவத்தைக் கணக்கிடும் மென்பொருள் எழுத எங்களைப் பழக்கினார். அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு இழுக்கும், எவ்வளவு தள்ளும் என்று கூட்டிப் பார்த்து, ஒரு மூலக்கூறு எப்படி மடிந்து நிற்கும் என்பதைக் கணினி சொல்லும். வேறு யாரும் அன்று எங்களுக்கு அதைக் கற்றுத் தந்திருக்கமாட்டார்கள். உண்மை.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. நாங்கள் எழுதியதை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் வரி வரியாகப் படிப்பார். திருப்பித் தரும்போது ஒரு புள்ளிகூட வைத்திருக்கமாட்டார். சரியா சார் என்று கேட்டால், "ஓடுதோ? அப்ப ஓட விடும்," என்பார். யாழ்ப்பாணக் குடும்பம்; எங்களை 'நீர்' என்றுதான் அழைப்பார். அந்த மரியாதைக்கு மட்டும் குறைவில்லை.

அந்த வருடம் எங்களில் ஒருவருக்கு இங்கிலாந்து ஆய்வுக்கூடம் ஒன்றில் மேற்பயிற்சி கிடைப்பதாக இருந்தது. தேர்ந்தெடுக்க அங்கிருந்து இருவர் வந்தார்கள். இடம் எனக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். சுகுமாறனே, "நீ போயிட்டு வா, எனக்கு சாக்லேட் போதும்," என்றான். ஆயர் ஈத்தாம் பாசாரில் காய்கறி விற்ற என் அப்பா, கீரை வாங்க வந்தவர்களிடமெல்லாம் மகள் இங்கிலாந்து போகிறாள் என்று சொல்லிவிட்டார். அம்மா இந்த ஊர் வெயிலில் எங்கேயோ தேடி ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வைத்தார்.

வந்தவர்கள் பெரிய மூலக்கூறு ஒன்றைக் கொடுத்து, நான் எழுதிய மென்பொருளில் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். அதுவரை நான் சின்னவற்றையே ஓட்டியிருந்தேன். காகிதத்தில் வரைந்து வந்த வடிவம், யாரோ மிதித்த ரம்புத்தான் பழம் மாதிரி நசுங்கிக் கிடந்தது. முதல் அணு இரண்டாவதை இழுப்பதை ஒருமுறையும், இரண்டாவது முதலாவதை இழுப்பதை இன்னொரு முறையும் கூட்டியிருந்தேன். ஒரே இழுப்பு, இரண்டு கணக்கு. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்கிற தவறுதான். சின்ன மூலக்கூறில் அது கண்ணில் படாது. பெரியதில் எல்லாம் சுருண்டுவிடும். இருவரும் நாகரிகமாகத் தலையாட்டிவிட்டு எழுந்தார்கள். இடம் சுகுமாறனுக்குப் போனது.

எல்லோரும் போன பிறகு சார் அந்தக் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "இந்தப் பிழைய நான் போன கிழமையே கண்டனான்."

"ஏன் சார் சொல்லல?"

"சொன்னா நீர் திருத்திப்போட்டு மறந்துபோவீர். இனி மறக்கமாட்டீர்தானே."

மறக்கவில்லை. அதற்கு நன்றி சொல்லவேண்டும் என்கிறார்கள். எனக்கு வயிறுதான் எரிகிறது. "இதப் பாரும்" என்று ஒரு வார்த்தை போதும், உட்கார்ந்த இடத்தில் திருத்தியிருப்பேன். நீச்சல் பழக்குகிறேன் என்று கடலில் தள்ளிவிட்டுக் கரையில் நிற்கிறவருக்கு வாத்தியார் என்றா பெயர்? அப்பா வெகுநாள் கடையில் யாரிடமும் பேச்சுக் கொடுக்கவில்லை. நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைக் கணினிப் பிரிவுக்குப் போய்விட்டேன். மூலக்கூறு பக்கம் அப்புறம் திரும்பவே இல்லை.

டத்தோ கிராமாட் வீட்டில் நல்ல கூட்டம். எல்லாம் சார் போட்ட பிச்சை என்று பழைய மாணவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக நின்ற என் கையைச் சாரின் மனைவி வந்து பிடித்துக்கொண்டார்.

"நீர் வருவீரோ எண்டு பாத்துக்கொண்டிருந்தன். என்னட்ட எத்தனை தரம் சொல்லியிருப்பார், தான் பழக்கின பிள்ளையளில நீர்தான் கெட்டிக்காரி எண்டு."

"என்கிட்ட ஒரு தடவகூட சொல்லல, ஆண்டி."

அவர் வாய்க்கரிசித் தட்டை என் பக்கம் நீட்டினார். போட்டேன். இறுக மூடிய உதடுகளில் பட்டு அரிசி இரண்டு பக்கமும் உதிர்ந்தது.

பிழையைச் சொல்லியிருந்தால் நான் இங்கிலாந்து போயிருப்பேன், சார். நான் கெட்டிக்காரி என்பதையாவது என்னிடம் சொல்லியிருந்தால் இன்று அழுதிருப்பேன். போய் வாருங்கள்.