பரமலிங்கத்தாரின் கார் இடப்பக்கம் சாய்ந்த கதை

"ரீச்சர், வலப்பக்கமா இருங்கோ."

கிளிநொச்சியில் வந்து இறங்கியதும் அருந்ததியின் காதில் விழுந்த முதல் வார்த்தை அதுதான். குடியேற்றத் திட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க நியமனம் கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலில் வந்திருந்தாள். அவள் தங்கப்போகும் வீட்டுக்காரரான பரமலிங்கம், தம்முடைய வாடகைக் காருடன் ஸ்ரேசன் வாசலில் காத்து நின்றார். அவள் இடப்பக்கக் கதவைத் திறந்து ஒரு காலையும் உள்ளே வைத்தபோதுதான் அப்படிச் சொன்னார்.

ஏன் என்று கேட்டாள்.

"அவவுக்கு இடப்பக்கம் கொஞ்சம் சுகமில்லை."

பின்சீற்றில் வேறு பெண்கள் யாரும் இல்லை. 'அவ' என்றது காரைத்தான் என்று விளங்கிக்கொள்ள அருந்ததிக்குச் சற்று நேரம் எடுத்தது.

"அப்ப பெட்டியை எங்கை வைக்கிறது?"

"பெட்டியும் வலப்பக்கம், நானும் வலப்பக்கம். எல்லாரும் ஒரு பக்கம் இருந்தால்தான் அவ நிமிந்து நிப்பா."

"கவிழாதோ?"

பரமலிங்கம் அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளவில்லை. காரைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். "இதுவரைக்கும் கவிழேல்லை, ரீச்சர். இண்டைக்கும் கவிழமாட்டா எண்டுதான் நினைக்கிறன்" என்றார்.

அருந்ததி காலை வெளியே எடுத்து, சுற்றிப் போய் வலப்பக்கம் ஏறினாள். அவள் தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்தவள். இரண்டிலும் பேசாமல் இருக்கப் பழகியவள்.

அது அறுபதுகளின் தொடக்கம். கார் அதற்கும் மிக மூத்தது. மலைநாட்டுத் தோட்டத்துரை ஒருவரிடம் தொடங்கி, பல கை மாறி, கடைசியில் பரமலிங்கத்தாரிடம் வந்து சேர்ந்த பழைய ஒஸ்ரின். தூர நின்று பார்த்தால், ஒரு கையில் கனமான வாளி தூக்கிய மனுசி களைப்பாறுவதுபோல இடப்பக்கமாகச் சாய்ந்து நிற்கும்.

கிளை வீதிகளில் தார் போட்ட பகுதி ஒரு வண்டி போகும் அகலந்தான். எதிரே இன்னொன்று வந்தால் ஏதாவது ஒன்று தாரை விட்டு ஓரத்துக் கிரவல் மண்ணில் இறங்கவேண்டும். அதற்கு ஊரில் ஒரு முறை இருந்தது: பஸ்ஸுக்கு லொறி இறங்கும், லொறிக்குக் கார் இறங்கும், காருக்கு மாட்டுவண்டி இறங்கும். பரமலிங்கத்தாரிடம் அந்த முறை செல்லாது. அன்று ஸ்ரேசனிலிருந்து வீட்டுக்குப் போவதற்குள் ஒரு மாட்டுவண்டிக்கு இறங்கினார். ஆட்டுக் கூட்டமொன்றுக்கு இறங்கினார். பிறகு வீதி வேலைக்காகக் கொட்டியிருந்த ஒரு கல்லுக் குவியலுக்கும் இறங்கினார். குவியல் எதிர்ப்பக்கத்தில் கிடந்தது. அசையவும் இல்லை. இருந்தாலும் அதற்கும் ஒரு மரியாதை கொடுத்துவிட்டுத்தான் போனார்.

வீட்டிலும் அவர் அப்படித்தான் என்பதை அருந்ததி போகப்போகக் கண்டாள். வாய்க்கால் தண்ணீர் தம்முடைய முறைக்கு வரும்போது பக்கத்து வயல்காரருக்கு அவசரம் என்று திருப்பிவிடுவார். யார் வந்தாலும் கதிரையைக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பார். அவருடைய மனைவி சிவனேஸ்வரி இதையெல்லாம் ஒரே வசனத்தில் சொல்லி முடிப்பார்:

"எங்கடை கலியாணத்தண்டு ஐயர் தாலியைக் கட்டும் எண்டு சொன்ன பிறகும், இவர் ஒருக்காத் திரும்பிப் பாத்தவர் பிள்ளை, பின்னாலை ஆரும் அவசரமா நிக்கினமோ எண்டு."

காரின் சாய்வு அதுவரை ஊருக்கு ஒரு பகிடியாக மட்டுமே இருந்தது. இரஞ்சிதத்துக்குக் கலியாணம் நிச்சயமானதும் அது வினையாகிவிட்டது.

இரஞ்சிதம், பரமலிங்கத்தாரின் தங்கை இலட்சுமியின் ஒரே மகள். ஆவணியில் கோயிலில் தாலிகட்டு. பெண்ணைக் கோயிலுக்குக் காரில் கூட்டிப்போவது தாய்மாமன். அதில் யாருக்கும் மறுபேச்சு இருந்ததில்லை. ஆனால் இலட்சுமியின் புருசன் ஐயாத்துரை ஒருநாள் வந்து காரின் முன்னால் நின்று, தலையைக் காரின் சாய்வுக்கேற்பச் சாய்த்துப் பார்த்தார்.

"மச்சான், மாப்பிள்ளை பகுதி சாவகச்சேரியிலை இருந்து வருகினம். பொம்பிளை இறங்கேக்கை கார் நிக்கிற நிலையைப் பாத்திட்டு, பொம்பிளைக்கும் ஒரு கால் கட்டையோ எண்டு கேக்கப்போகினம்."

ஒரு கிழமைக்குள் கார் நிமிராவிட்டால், வாடகைக்கு ஓடுகிற நடராசாவின் புதுக் கறுப்புக் காரைப் பேசப்போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். பரமலிங்கம் சிரித்துக்கொண்டேதான் அவரை வழியனுப்பினார். ஆனால் அன்றைக்குச் சோற்றில் கையை வைத்தபடி இருந்தார். தாம் உயிரோடு இருக்க, மருமகள் பிறத்தியானுடைய காரில் கோயிலுக்குப் போவதா? அந்த ஒன்றை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

மறுநாளே வைத்தியம் தொடங்கியது. முதலில் இடப்பக்கச் சில்லுகளுக்குக் காற்று அடித்தார். சில்லு பருத்ததே தவிரக் கார் நிமிரவில்லை. பிறகு சாய்வே உண்மையில்லை, மேடும் பள்ளமுமான முற்றத்தில் நிறுத்திப் பார்ப்பதால்தான் அப்படித் தெரிகிறது என்று ஒரு எண்ணம் வந்தது. ஊரில் சமதரையான இடம் எது? விவசாயச் சங்கத்துக் களஞ்சியத்தின் முன்னால் நெல் காயவிடுகிற சீமெந்துத் தளம். சிறுபோக நெல் அள்ளி முடிந்து அது வெறுமையாகக் கிடந்தது. ஐயாத்துரையே முன்னின்று கட்டுவித்த தளம் அது. அவரையும் அழைத்துக்கொண்டு எல்லாரும் போனார்கள்.

தளத்தில் ஏற்றி நிறுத்தியதும் கார் நூல் பிடித்ததுபோல நேராக நின்றது. பரமலிங்கத்தாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஐயாத்துரை காரைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், குறை ஒன்றும் காணவில்லை. தான் இத்தனை நாளும் பிழையாகப் பார்த்துவிட்டதாகவும், நடராசாவிடம் போகத் தேவையில்லை என்றும் ஒத்துக்கொண்டார். அந்தச் சந்தோசத்தில் சிவனேஸ்வரி செம்பிலிருந்த தண்ணீரில் கை கழுவினார்.

அருந்ததி அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது காரின் இடப்பக்கத்தில் விழுந்து, காருக்கு அடியால் புகுந்து, வலப்பக்கத்தால் வெளியே வந்து, அவசரமில்லாமல் ஓரத்துத் தண்ணீர்க் கானில் இறங்கியது. சொல்லாமல் விடலாமா என்று யோசித்தாள். சொன்னால் ஒருவருடைய சந்தோசம் போய்விடும். சொல்லாவிட்டால் கோயில் வாசலில் எல்லாருடைய சந்தோசமும் போய்விடும்.

"தண்ணி ஓடுது" என்றாள்.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பிறகு ஐயாத்துரைக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. மழை பெய்தால் தண்ணீர் நிற்காமல் ஓடவேண்டும், சரித்துப் பூசு என்று மேசனுக்குப் பக்கத்தில் நின்று சொன்னவரே அவர்தான். இடம் உயர்ந்து வலம் தாழ்ந்த அந்தத் தளத்தில் கார் நிமிர்ந்து நின்றதென்றால், அது உண்மையாகவே இடப்பக்கம் சரிந்திருக்கிறது.

"நெல்லுக்கெண்டு கட்டினது, மச்சான். காருக்கு வைத்தியம் பாக்கவெண்டு கட்டேல்லை" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, நடராசாவின் கார்ப் பேச்சை மறுபடியும் எடுத்தார்.

கடைசியில் கார் வீரகத்தியின் கம்மாலைக்குப் போனது. வீரகத்தி வண்டிச் சில்லுகளுக்கு இரும்பு வளையம் அடித்து ஏற்றுகிற கொல்லர். காரின் பின்பக்கத்து நடுவில், இரண்டு சில்லையும் இணைக்கிற அச்சுக்குக் கீழே ஜக்கியை வைத்து உயர்த்தினார். பின்பக்கம் ஒற்றைப் புள்ளியில் நின்றதும் கார் தானாக நிமிர்ந்துகொண்டது. ஆகவே முன்பக்கத்தில் கோளாறில்லை. வருத்தமெல்லாம் பின்பக்கத்தில் பாரம் தாங்குகிற வில்லில். கழற்றி எடுத்தார். இரும்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வில் அது. வலப்பக்கத்து வில் புருவம்போல வளைந்திருந்தது. இடப்பக்கத்து வில்லோ பாயை விரித்ததுபோலக் கிடந்தது. தகடுகளுக்கிடையே சிவந்த கிரவலும் சேறும் அடைத்துக் கிடந்தன. சேற்றில் ஒரு நெல்மணி பச்சையாக முளை விட்டிருந்தது.

ஐயாத்துரை அதைக் கிள்ளி எடுத்தார். "இந்தப் போகம் காரிலையும் விதைச்சனியோ, மச்சான்?"

வீரகத்தி சிரிக்கவில்லை. இந்த வண்டி தாரில் ஓடுவதா, வாய்க்காலில் ஓடுவதா என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் கல்லுக்குவியலுக்கும் இறங்கி இறங்கி, இடப்பக்கச் சில்லு பள்ளத்திலேயே காலம் கழித்திருக்கிறது. மனுசர் வளைந்துகொடுத்த அளவுக்கு வில்லும் வளைந்துகொடுத்து, ஒருநாள் நிமிர மறந்துவிட்டது.

வீரகத்தி தகடுகளைப் பிரித்துச் சுத்தமாக்கி, நெருப்பில் பழுக்கவைத்து, அடித்து வளைத்து, எண்ணெயில் தோய்த்துத் திரும்பப் பூட்டினார். வண்டி வளையம் அடித்துப் பழகிய கை; அடி கொஞ்சம் கூடிவிட்டது. கார் இப்போது வலப்பக்கம் சரிந்தது.

"நித்திரையிலை மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திட்டா போலை" என்றார் ஐயாத்துரை.

பரமலிங்கத்தாருக்கு அன்று சிரிப்பு வரவில்லை. கலியாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. வலப்பக்கத்து வில்லையும் கழற்றி அதேயளவுக்கு அடித்தால்தான் சோடி ஒத்துப்போகும் என்று வீரகத்தி சொன்னார். அடித்தார். இந்த முறை கார் முற்றத்தில் நின்றாலும் வீதியில் நின்றாலும் நேராகவே நின்றது. பின்பக்கம் மட்டும் சற்றுத் தூக்கலாக இருந்தது. தண்ணீர் குடிக்கிற கோழியைப்போல. அதை அழகென்றே எடுத்துக்கொள்ளலாம் என்று இலட்சுமி தீர்ப்புச் சொன்னார். ஐயாத்துரையும் தலையாட்டினார். வீரகத்தி மட்டும் ஒரு எச்சரிக்கை கொடுத்தார்: புது அடி இன்னும் இறுகவில்லை, பாரத்தோடு ஒருதரம் பள்ளத்தில் இறங்கினாலும் வில் பழையபடி படிந்துவிடும். தாரை விட்டு இறங்கவே கூடாது.

கலியாணத்தன்று காலை, காருக்குப் பூமாலை கட்டும்போது பரமலிங்கம் அருந்ததியிடம் ஒன்று கேட்டார். அதைக் கடைசியில் சொல்லலாம். அவள் முன்சீற்றில் அவருக்குப் பக்கத்தில் ஏறினாள். பின்னால் இரஞ்சிதமும் தாயும் மாமி சிவனேஸ்வரியும்.

பாதி வழியில் வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று எதிரே வந்தது. வண்டிக்காரன் பரமலிங்கத்தாரின் காரைக் கண்டதும் கயிற்றைத் தளரவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அது எப்படியும் இறங்கும் என்பது அவனுக்கும் தெரியும், மாடுகளுக்கும் தெரியும். பரமலிங்கத்தாரின் கை தன்பாட்டில் இடப்பக்கம் திரும்பத் தொடங்கியது.

அப்போது அந்தக் காருக்குள்ளிருந்து எழுந்த ஆங்கிலத்தைக் கிளிநொச்சி அதற்கு முன் கேட்டதில்லை. அருந்ததிக்கு அவசரத்தில் வாயில் வந்ததெல்லாம் வகுப்பறைக் கட்டளைகள்தான். நேராக நில் என்றாள். கையைக் கட்டு என்றாள். வரிசையை விட்டு விலகாதே என்றாள். பிள்ளைகளுக்கு முன்னால்கூட அவள் உரத்துச் சொல்லாத வார்த்தைகள் அவை. பரமலிங்கத்தாரின் கை திடுக்கிட்டு நேரானது. வண்டிக்காரன் கண்ணைத் திறந்தான். யாரோ பெரிய உத்தியோகத்தர் ஏசுகிறார் என்று நினைத்து, மாடுகளையும் வைக்கோலையும் வாய்க்கால் கரைவரைக்கும் இறக்கிவிட்டு, தலைப்பாகையையும் கழற்றிக்கொண்டு நின்றான்.

அதன் பிறகு ஒரு லொறி வந்தது, ஒரு ஆட்டுக் கூட்டம் வந்தது. கோயில்வரைக்கும் தார் பரமலிங்கத்தாருடையதாகவே இருந்தது.

கோயில் வாசலில் கார் நிமிர்ந்து நின்றது. சாவகச்சேரிக்காரர் காரைக் கவனிக்கவே இல்லை. பெண் பகுதியில், கோயில் வாசல்வரைக்கும் இங்கிலீசில் வெளுத்து வாங்கிக்கொண்டு வந்த அந்தப் பிள்ளை யார் என்றுதான் விசாரித்தார்கள். ஐயாத்துரை சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துவிட்டு எழுந்து, மச்சானின் தோளைத் தட்டி, நடராசாவிடம் தான் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை, சும்மா வெருட்டித்தான் பார்த்தது என்றார். பரமலிங்கம் அவரை முன்னால் போகவிட்டுப் பின்னால் நடந்தார்.

அருந்ததிக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. வாய் திறக்காத அந்த ரீச்சருக்கு அன்று என்ன வந்தது என்று ஊரில் வெகுகாலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் சொல்லவில்லை. காலையில் பூமாலையை முடிந்துகொண்டே, அவளுடைய முகத்தைப் பாராமல், பரமலிங்கம் கேட்டது இதுதான்:

"ரீச்சர், நீங்கள் எனக்குப் பக்கத்திலை இருங்கோ. நான் இடப்பக்கம் திருப்ப வெளிக்கிட்டால் என்னை ஏசுங்கோ. ஆனால் இங்கிலீசிலை ஏசுங்கோ. தமிழிலை ஏசினால் பிள்ளை பயந்துபோம். இங்கிலீசெண்டால் நீங்கள் ஏதோ மரியாதையாச் சொல்லுறியள் எண்டு நினைச்சுக்கொண்டு நான் நேரை போவன்."