கம்பமா, கோவாவா?

எனக்குக் கல்யாணமான வருஷத்துக் கிறிஸ்மஸுக்கு அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு என் மாமனார் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார். வழக்கப்படி நானும் என் வீட்டுக்காரரும்தான் அப்பா வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அம்மா இறந்துபோன வீட்டில் ஆக்கிப்போட ஆள் இல்லை என்பதால், "நீங்க இங்கன வந்திருங்க சம்மந்தி" என்று மாமா சொல்லிவிட்டார். அது மாமாவின் நல்ல மனசு. எனக்கோ அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அப்பா குடிப்பார். அவர் சங்கு குளிக்கிறவர். முங்கி முங்கி எழுந்தால் உடம்பு விறைத்துப்போகும், அதற்காகத் தொடங்கியது என்பார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து கடலுக்குப் போகாத நாட்களிலும் குடித்தார். யாரையும் அடித்ததில்லை, ஏசியதில்லை. சிரிப்பார், பாடுவார், பிறகு எங்கே இருக்கிறாரோ அங்கேயே படுத்துவிடுவார். கோயில் வாசலிலிருந்து அவரைத் தூக்கிவந்து வீட்டில் போட்டிருக்கிறார்கள். மதுவிலக்கை எடுத்துவிட்டு மறுபடியும் கொண்டுவந்திருந்த சமயம் அது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்பாவுக்குக் கிடைப்பது கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. பெண் பார்க்க வந்தபோதே மாமா வீட்டாருக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் என்னை எடுத்தார்கள். அதனாலேயே அந்த வீட்டில் நான் வாய் திறந்து பேசுவதில்லை.

மாமாவுக்குச் சொந்தமாக ஒரு சரக்குத் தோணி இருந்தது. வைகாசி வாக்கில் கச்சான் என்கிற மேல்காற்று தொடங்கிவிட்டால் தோணி கொழும்புக்கு ஓடாது, கரையில் கிடக்கும். வருகிற கச்சானுக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து எங்காவது போய்வர வேண்டும் என்பது மாமாவின் ஆசை. எங்கே போவது என்பதில்தான் வழக்கு. என் வீட்டுக்காரருக்குக் கோவா, அங்கிருக்கும் புனிதரின் கோயிலைப் பார்க்கவென்று. மாமிக்குக் கம்பம். என் நாத்தனாரைக் கம்பத்துப் பக்கம்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவர்களுக்குத் திராட்சைத் தோட்டம் உண்டு. வருஷா வருஷம் அங்கிருந்து கூடையில் பஸ் ஏறி வரும் கறுப்புத் திராட்சையைத்தான் மாமி பீங்கான் பரணியில் ஊறப்போடுவார்கள். ஒயின் என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை, திராட்சை ரசம்தான். கிறிஸ்மஸ் அன்று பரணியைத் திறந்தால் முதல் கிளாஸ் சம்பந்திக்கு. அதை மருமகள் கையால் கொடுக்க வேண்டும்.

அடுப்படியில் மாமி கிளாஸ்களை வரிசையாக வைத்து ஊற்றினார்கள். எல்லாவற்றிலும் பரணி ரசம், ஒன்றில் மட்டும் நன்னாரி சர்பத். நிறம் ஏறக்குறைய ஒன்றுதான்.

"ஏளா, ஓரத்துல இருக்கது உங்கப்பாவுக்கு. தப்பா நினைக்காத. ஒரு கிளாஸோட நிக்கிற ஆளா அவரு? நாள் கிழமையும் அதுவுமா தெருவே பாக்கும்."

மாமி சொன்னதில் பொய் இல்லை. நான் தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

அப்பா இரண்டு கையாலும் வாங்கினார். மூக்குக்குப் பக்கத்தில் போனதுமே அவருக்குத் தெரிந்திருக்கும். அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? என்னை ஒருமுறை பார்த்தார். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு. கம்பத்துப் பழம்லா" என்றார்.

நான் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டேன்.

என் வீட்டுக்காரர் கோவாப் பேச்சை எடுத்தார். "அங்கன பெட்டிக்கடைல சோடா விக்க மாதிரி ஒயின் விக்கானாம். நம்ம ஊர் மாதிரி ஒளிச்சு மறைச்சு இல்ல."

"ஏலே, நீ கோயிலுக்குப் போறியா, கடைக்குப் போறியா?" என்றார் மாமா.

"ரெண்டும் ஒரே தெருவுலதான் இருக்காம்."

மாமா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மாமி சிரிக்கவில்லை. "கம்பம்னா பிள்ளையையும் பாத்த மாதிரி இருக்கும். அங்கன வீட்டுக்கு வீடு பரணிதான். ஆனா அளவோட இருக்கவுங்க" என்றார்கள்.

அந்த 'அளவோட' யாருக்கு என்று எல்லாருக்கும் தெரியும். கோவா என்றாலும் கம்பம் என்றாலும் திராட்சை ரசம் ஓடுகிற சீமைதான். அப்பாவை எந்த ஊருக்குக் கூட்டிப்போவது, கூட்டிப்போகத்தான் வேண்டுமா என்பதுதான் அங்கே இருந்த கேள்வி. 'நான் வரல, நீங்க போயிட்டு வாங்க' என்று அப்பா தானாகவே சொல்லிவிட வேண்டும் என்று நான் மாதாவை வேண்டிக்கொண்டு நின்றேன். பெற்ற அப்பாவை விட்டுவிட்டுப் போக மாதாவிடம் வரம் கேட்டேன்.

மாமா அப்பா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சம்மந்தி. உங்களுக்கு எந்த ஊரு?"

"கோவாவுக்கே போவோம்" என்றார் அப்பா.

"மகள் வீடு இருக்கையில..." என்று மாமி தொடங்கினார்கள்.

"அதனாலதான் வேண்டாங்கேன் தாயி. நான் அங்கன வந்தா, கட்டிக்குடுத்த வீட்டுல உங்க மக எனக்காகத் தலைகுனிஞ்சு நிக்கணும். இங்கன ஒருத்தி நிக்கது போதும். கோவாவுல நம்மள ஆருக்குத் தெரியும்? நானும் வாரேன். அந்தக் கோயிலை ஒருதரம் பாக்கணும்."

குரலில் கோபமே இல்லை. சங்கு விலையைச் சொல்வதுபோலச் சொன்னார். மாமி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். மாமா, "அப்ப கோவாதான். ரயில் டிக்கெட்டுக்கு எழுதிருவோம்" என்றார்.

கச்சான் தொடங்கியதும் போனோம். அங்கே விடாத மழை. எங்கள் கரைக்காரர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த புனிதரின் உடல் இருக்கும் கோயிலில் அப்பா வெகுநேரம் முழங்காலில் நின்றார். சாயங்காலம் நாங்கள் தங்கிய வீட்டுக்கு எதிரே இருந்த கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்கு அவர்கள் பாஷை தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. யாரோ ஒரு வயசானவர் கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினார். கொஞ்ச நேரத்தில் அப்பா பாடினார். பெஞ்சில் இருந்தவர்கள் தாளம் போட்டார்கள். பிறகு அப்படியே சாய்ந்து தூங்கிப்போனார். கடைக்காரர் ஒரு சாக்கைக் கொண்டுவந்து சாரல் படாமல் அவர்மேல் போர்த்திவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

குடை பிடித்துக்கொண்டு ஆட்கள் போனார்கள், வந்தார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று நான்தான் வாசலில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.