பிறகு நினைவூட்டு

என் கணினி பேசுகிறவரை நான் சம்பாதிக்கிற மனுஷன். அது வாயை மூடிவிட்டால் வெறும் குருடன். இப்படிச் சொன்னால் என் மனைவிக்குக் கோபம் வரும். "அந்த வார்த்தய ஏங்க சொல்றீங்க?" என்பாள். இருக்கிறதைச் சொல்ல என்ன வெட்கம் என்று நானும் முறைத்துக்கொள்வேன்.

முப்பது வயதைத் தாண்டித்தான் எனக்குப் பார்வை போனது. மாலைக்கண்ணாக ஆரம்பித்து, ஓரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, கடைசியில் நடுவையும் எடுத்துக்கொண்டது. இப்போது எனக்குத் தெரிவது கறுப்புகூட இல்லை. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஒன்று எப்போதும் எதிரில் நிற்கிறது, அவ்வளவுதான். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்யும் குறிப்புகளைக் காதில் வாங்கி எழுத்தாக்குவது என் வேலை. கம்பெனி சென்னையில் இருக்கிறது. நான் திருவண்ணாமலையில், மாடவீதியை ஒட்டிய சந்தில், முதல் மாடி வீட்டில் இருக்கிறேன். திரையில் இருப்பதை எல்லாம் எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டும் ஒரு மென்பொருள் உண்டு. அதன் குரலோடுதான் பத்து வருஷத்துக்கும் மேலாகக் குடித்தனம்.

மூக்கடைத்த ஒரு ஆண் குரல் அது. என் மனைவி அதற்குத் தகரவாயன் என்று பெயர் வைத்திருந்தாள். நான் அவனை ஓடவிடும் வேகத்துக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கடலை வறுக்கிற சத்தம்தான் கேட்கும். எனக்கு ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழும். அவன் மருந்துப் பெயர்களைத் தப்பாக உச்சரித்தால்கூட எந்தத் தப்பு எந்த மருந்து என்று எனக்குத் தெரியும்.

அந்தத் தகரவாயன்தான் ஒரு நாள் காலையில், அவனுக்கே உரிய அலட்சியத்தோடு, தன் சாவு ஓலையைத் தானே படித்தான். உங்கள் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் ஆயுள் முடியப்போகிறது, புதியதற்கு மாறிக்கொள்ளுங்கள். இரண்டு பொத்தான்கள். ஒன்று 'இப்போதே'. இன்னொன்று 'பிறகு நினைவூட்டு'. நான் எதை அழுத்தியிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

பயந்தேன். அதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. மாற்றும்போது கணினி நாலைந்து முறை தானாக அணைந்து எழும். அந்த நேரத்தில் குரல் இருக்காது. திரையில் என்ன ஓடுகிறது, ஏதாவது கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறதா, எதுவும் தெரியாது. மாறி முடிந்த பிறகும் தகரவாயன் கூடவே வருவானா என்பது சந்தேகம். அவனை உருவாக்கிய கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவரிடம் போனில் கேட்டேன். "வந்தா வரும் சார். வரலன்னா தூக்கிட்டு வாங்க, ஃபார்மட் அடிச்சிடலாம்" என்றார், ஈ அடிக்கிற மாதிரி.

எனக்குக் கண் போகப்போகிறது என்று சொன்ன டாக்டரிடமும் நான் இதே மாதிரிதான் கேட்டேன். "எப்போன்னு சொல்ல முடியாது. அஞ்சு வருஷமும் ஆகலாம், அடுத்த வருஷமும் ஆகலாம்" என்றார். அதற்கு ஒரு தேதி இல்லை, பொத்தானும் இல்லை. இருந்திருந்தால் இன்றுவரை 'பிறகு நினைவூட்டு' என்பதையே அழுத்திக்கொண்டு இருந்திருப்பேன்.

என் மனைவிக்கு நாள்காட்டி இல்லாமல் கை ஓடாது. புதுத் துடைப்பம் வாங்கக்கூடக் கரிநாளா என்று பார்ப்பாள். அதை வைத்து அவளை நான் செய்யாத கேலி இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் அவளிடம் நானே போய் நாள் கேட்டேன். ஆடியில் கேட்டேன். "ஆடியில புதுசா எதுவும் ஆரம்பிக்க வேணாங்க" என்றாள். எனக்கு உள்ளூர அப்படி ஒரு நிம்மதி. ஆவணியில் வேலை ஜாஸ்தி. புரட்டாசியில் மாளய பட்சம். ஐப்பசியில் மழை, எப்போது கரண்ட் போகும் என்று சொல்ல முடியாது. லேப்டாப்பின் பேட்டரி செத்து வெகுநாளாகிவிட்டது. கரண்ட் போன அந்த நொடியே அதுவும் போய்விடும். பகுத்தறிவு பேசுகிற நான், இப்படியே அவளுடைய நாள்காட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நாலு மாதத்தை ஓட்டினேன்.

கார்த்திகையில் கம்பெனி கெடு வைத்தது. வருகிற திங்கட்கிழமையிலிருந்து பழைய சிஸ்டம் உள்ள கணினிகள் உள்ளே நுழைய முடியாது என்று செய்தி அனுப்பினார்கள். நுழைய முடியவில்லை என்றால் வேலை இல்லை. அவ்வளவு சுருக்கம்.

ஊரில் தீபத் திருவிழா கொடி ஏறியிருந்தது. அந்த வாரத்தில் எனக்கு விடுமுறை தேரோட்டத்து நாள் ஒன்றுதான். "தேர் அன்னிக்கே பண்ணுங்க. அதவிட நல்ல நாள் இன்னா இருக்குது?" என்றாள் என் மனைவி. காலையில் நல்ல நேரமும் இருந்தது. தேர் வரும்போது வீதியில் கரண்டை நிறுத்துவார்கள், அது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பெரிய தேர் எங்கள் பக்கம் வர எப்படியும் மத்தியானத்துக்கு மேல் ஆகும், அதற்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அவள் கணினிக்கு ஒரு பொட்டு குங்குமம் வைத்தாள். பிள்ளையாரை வேண்டிக்கொள்ளச் சொன்னாள். அதையும் செய்தேன். அழுத்தவேண்டியதை அழுத்தினேன். தகரவாயன் சதவீதத்தைப் படித்துக்கொண்டே வந்தான். "நீ கீழ போய் எடம் புடி. இதுல நீ செய்றதுக்கு ஒண்ணுமில்ல" என்று அவளை அனுப்பிவிட்டேன். அவள் படி இறங்கிக் கொஞ்ச நேரத்தில், மறுதொடக்கம் என்று சொல்லிவிட்டு அவன் பேச்சை நிறுத்தினான்.

லேப்டாப்பின் உள்ளே இருக்கும் சின்ன விசிறியின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். பிரசவ அறைக்கு வெளியே நிற்பவன் போல ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு அர்த்தம் செய்துகொண்டிருந்தேன்.

அப்போது தலைக்கு மேலே இருந்த மின்விசிறியின் சத்தம் தேய ஆரம்பித்தது. கூடவே சின்ன விசிறியும் நின்றது. வீடு முழுக்க அமைதி. கீழே வீதியில் மேளமும் அரோகராவும் கிளம்பின.

பிள்ளையார் தேர்!

ஐந்து தேர் ஓடும் ஊர் இது. முதலில் பிள்ளையார், பிறகு முருகர், அப்புறம்தான் பெரிய தேர். காலையிலேயே பிள்ளையார் தேர் நிலையை விட்டுக் கிளம்பிவிடும். இந்த ஊரில் பிறந்து, அப்பாவின் தோளில் உட்கார்ந்து ஐந்தையும் பார்த்தவன் நான். பயத்தில் பெரிய தேர் ஒன்றுதான் புத்தியில் நின்றது. விக்கினம் தீர்க்கச் சொல்லி யாரை வேண்டிக்கொண்டேனோ அவரே தேரில் ஏறி வந்து கரண்டை நிறுத்திவிட்டார்.

பாதியில் கரண்ட் போனால் கணினி செத்தே போகலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். செத்துவிட்டதா, உயிர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக்கூட எனக்கு வழியில்லை. போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டேன். திருவிழாக் கூட்டத்தில் சிக்னல் அடைத்துக்கொண்டிருந்தது. வாசல்வரைக்கும் போய்ப் பெயர் சொல்லிக் கத்தினேன். ஊரே அரோகரா போடும்போது என் குரல் யாருக்குக் கேட்கும்? திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

கண் போனதற்கும் இந்த வேலை கிடைத்ததற்கும் நடுவே இரண்டு வருஷம் நான் இதே கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்கள் என் மனைவியிடம் கேட்பார்கள்: "அவரு சாப்ட்டாரா? நல்லா தூங்குறாரா?" நான் அங்கேயேதான் இருப்பேன். எனக்குக் காது கேட்கும் என்பதையே மறந்துவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தக் கேள்விகள் நின்றன. "இன்னா சார், வேல ஜாஸ்தியா?" என்று நேராக என்னிடமே கேட்க ஆரம்பித்தார்கள். நான் நடுங்கியது இந்த லேப்டாப்புக்காக இல்லை. அந்த நாற்காலிக்குத் திரும்பப் போகவேண்டுமே என்றுதான் நடுங்கினேன்.

முருகர் தேரும் தாண்டியபின், மத்தியானம்போலக் கரண்ட் வந்தது. பட்டனை அழுத்தினேன். சின்ன விசிறி சுழன்றது. குரல் வரவில்லை. காத்திருந்தேன். தெரிந்த விசைகளை எல்லாம் தட்டினேன். குரல் வரவில்லை. என்னையறியாமல் அழுதுவிட்டேன்.

படியில் என் மனைவியின் கொலுசுச் சத்தம் கேட்டது. பெரிய தேர் வருவதற்குள் எனக்குச் சாப்பாடு போட்டுவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறாள். முகத்தைப் பார்த்ததும், "இன்னாங்க ஆச்சி?" என்றாள்.

"பேசல. ஸ்கிரீன்ல இன்னா இருக்குதுன்னு பாரு."

அவள் பன்னிரண்டாவதுவரை தமிழில் படித்தவள். இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். "நீலமா இருக்குது. நடுவுல ஒரு வட்டம் சுத்துது. கீழ ஏதோ எழுதியிருக்குது... அன்... டூ... யிங்..."

"மேல படி."

"சேஞ்சஸ்... மேட் டு..."

செய்த மாற்றங்களை எல்லாம் அழித்துவிட்டு அது பழைய இடத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தது. சாகவில்லை! கொஞ்ச நேரத்தில் தகரவாயன் ஒன்றுமே நடக்காதவன்போல வணக்கம் சொன்னான். மடியில் வைத்துக் கொஞ்சாத குறை. "பிள்ளையார் காப்பாத்திட்டாரு" என்றாள் என் மனைவி. "கெடுத்ததே அவர்தான்" என்றேன். சிரித்தோம். ஆனால் அதோடு முடியவில்லை. திங்கட்கிழமை அப்படியேதான் இருந்தது, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யவேண்டும்.

மறுநாள் கம்பெனியில் அரை நாள் அனுமதி வாங்கினேன். நேரம் பார்க்கவில்லை. மின்வாரியத்துக்குப் போன் போட்டு, எங்கள் சந்தில் இன்றைக்குக் கரண்டை நிறுத்துவார்களா என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தகரவாயன் மறுதொடக்கம் என்று சொல்லிவிட்டுப் போனான். அதுதான் நான் அவனைக் கடைசியாகக் கேட்டது. அப்போது அது எனக்குத் தெரியாது.

அதன்பிறகு அவள் படித்தாள். இருபது. இருபத்தொண்ணு. அப்படியே நிக்குதுங்க. ம், ஏறிடுச்சி. ஒவ்வொரு எண்ணுக்கும் அவள் குரல் ஏறுவதையும் இறங்குவதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் நிறுத்தும் இடத்தில் எல்லாம் எனக்கு மூச்சு நின்றது.

எழுபதுகளில் எங்கேயோ அவள் பேச்சு சட்டென்று நின்றது.

"இன்னா?"

"ஒண்ணுமே இல்லீங்க. எல்லாம் போய்டுச்சி. கறுப்பா இருக்குது."

"எழுத்து?"

"எதுவுமே இல்ல. வட்டமும் இல்ல. ஐயோ, போய்டுச்சிங்க, மறுபடி போய்டுச்சி..." எழுந்தே விட்டாள். கரண்ட் இருக்கிறதா என்று விளக்கைப் போட்டுப் பார்த்தாள். பிளக்கை அழுத்தினாள். "கடைக்காரருக்கு போன் போடட்டுமா? பட்டன அழுத்திப் பாக்கட்டுமா?"

"எதயும் தொடாத. உக்காரு."

நான் உள்ளங்கையைக் கணினியின்மேல் வைத்தேன். சூடாக இருந்தது. சின்ன விசிறி மெல்லிசாக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே எங்கேயோ ஏதோ வேலை செய்கிற அதிர்வு விரல் நுனிக்கு வந்தது. "ஓடுது" என்றேன். அவள் கையை இழுத்து அங்கே வைத்தேன். அப்படியே உட்கார்ந்திருந்தோம். எனக்கு அது அவ்வளவு நேரமாகத் தோன்றவில்லை. ஒரு யுகம் ஆனது என்று அவள் இப்போதும் சொல்கிறாள்.

"ஹாய்னு போட்டிருக்குதுங்க" என்றாள் கடைசியில், அழுதுகொண்டே.

புது சிஸ்டத்தில் தகரவாயன் வரவில்லை. அதிலேயே இருந்த ஒரு பெண் குரல் வந்தது. சுத்தமான உச்சரிப்பு. அதைக் கேட்டால் இன்னும் எனக்குத் தோளில் யாரோ தெரியாதவர் கை வைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் திங்கட்கிழமை கம்பெனியின் கதவு திறந்தது, வேலை பார்த்தேன்.

கணினி மாறி முடிந்த அன்று மாலையே, சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவள் கேட்டிருந்தாள். "அந்தக் கறுப்பு வந்துதே, எல்லாமே போச்சின்னு நெனச்சிட்டேன். ரெண்டு நாளா அப்டி நடுங்குனீங்க, அப்போ மட்டும் எப்டிங்க சும்மா உக்காந்திருந்தீங்க?"

ஒன்றும் தெரியாத திரைக்கு முன்னால்தான் நான் தினமும் உட்கார்கிறேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. அவள் அழுது ஓய்ந்து அப்போதுதான் முகம் கழுவி வந்திருந்தாள். ரசம் ஊற்றச் சொன்னேன்.