அப்பா துவைக்காத துணி

அன்று எங்கள் சலவைத் துறையில் இருந்தவர்கள் இவர்கள். என் அப்பா. நான். என் மனைவி. மச்சான், அதாவது என் அக்காவின் கணவர். பாயான் லெப்பாஸில் ஏரோப்ளேன் இறங்கும் திடலில் வேலை பார்த்த வெள்ளைக்கார மெக்கானிக் ஒருவர். அவரோடு வந்த தமிழ்க் கிராணி, கணக்கு எழுதும் குமாஸ்தா. மற்றவர்கள் எல்லாரும் துறையில் துணி வெளுப்பவர்கள்.

பினாங்கில் அந்தத் திடல் திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும்.

துறையை வேறு இடத்துக்கு மாற்றப் போவதாகப் பேச்சு அடிபட்டது. சொன்ன இடத்தில் நல்ல தண்ணீர் இல்லை. அதிகாரிகளிடம் போய்ப் பேச எங்களில் ஒருவர் வேண்டும். யார் என்று முடிவு செய்யத்தான் கூடினோம். வயதில் மூத்தவர் அப்பா. அவர் பேச்சு வந்ததும் மச்சான் எழுந்தார்.

“மாமாவை அனுப்பலாம்லா. அங்க போயி, ஏரோப்ளேன் விளக்கெண்ணெய் குடிக்குதுங்கன்னு ஆரம்பிச்சாருன்னா?”

எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த விளக்கெண்ணெய்க் கதை நடந்தது நான் சின்னப் பையனாக இருந்தபோது. ஒரு வெள்ளைக்காரர் ஏரோப்ளேன் கொண்டுவந்து குதிரைப் பந்தயத் திடலில் ஓட்டிக் காட்டினார். அவர் தங்கிய விடுதிக்கு அப்பாதான் சலவை. ஒரு நாள் அவர் சட்டைகளோடு வேறொரு துணியும் தவறி மூட்டையில் வந்துவிட்டது. ஏரோப்ளேனின் துணி இறக்கையில் கிழிந்துபோய் வெட்டி எடுத்த துண்டு. அப்பாவுக்கு அது தெரியாது. மூட்டை வந்தால் எங்களுக்கு முதல் வேலை குறி போடுவது. ஒருவர் துணி இன்னொருவருக்குப் போகாமல் இருக்க ஆளுக்கு ஒரு குறி. சேராங்கொட்டை மையில் போடுவோம். எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாது. அந்த ஆளுக்குப் புதுக் குறி, மூன்று புள்ளி, மேலே ஒரு கோடு. கை வேகத்தில் அப்பா இறக்கைத் துணியிலும் அதைப் போட்டுவிட்டார். பிறகுதான் வாசனை மூக்கில் ஏறியது. விளக்கெண்ணெய்.

பயந்துபோய்த் துணியை விடுதிக்கே கொண்டுபோனார். வெள்ளைக்காரர் குறியைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். நீயே வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டார். ஒரு போட்டோவும் தந்தார். புல் தரையில் ஏரோப்ளேன் நிற்கும். ஓரத்தில் ஒரு தோள் தெரியும். அது தன் தோள் என்பார் அப்பா.

அந்தத் துணியை அவர் துவைக்கவே இல்லை. ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு மூடினார். பிறகு அதில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. வேடிக்கை காட்ட அச்சடித்த நோட்டீஸ். திடலில் பொறுக்கிய ஆணி ஒன்று. துணி சுற்றி வரும் பழைய பேப்பரில் ஏரோப்ளேன் படம் இருந்தால் வெட்டி எடுத்து வைப்பார். அவருக்குப் படிக்கத் தெரியாது. படம் மட்டும் போதும்.

ஏரோப்ளேனுக்கு விளக்கெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று அவர் சொன்னதுதான் வினை. “ஏன், அதுக்கு வயித்துக் கட்டா? மாசம் ஒருக்கா பேதிக்குக் குடுக்கணுமா?” என்று கேட்டார்கள். பிறகு அவரையே விளக்கெண்ணெய் என்றார்கள். எங்கள் பேச்சில் அதற்கு மடையன் என்று அர்த்தம். இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பெயர்தான்.

நானும் யோக்கியன் இல்லை. பாயான் லெப்பாஸ் திடல் திறந்ததும் அங்கே உள்ளவர்களின் உடுப்புச் சலவை எனக்குக் கிடைத்தது. கிராணியிடம் கேட்டேன், ஏரோப்ளேனுக்கு விளக்கெண்ணெய் ஊற்றுவார்களா என்று. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “உனக்கென்ன பைத்தியமா?” என்றார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னதை நம்புவதை அன்றோடு விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் தன் உடுப்பை வாங்க வந்தார். கிராணியும் கூட வந்தார். கூட்டத்தைப் பார்த்து இருவரும் ஓரமாக நின்றார்கள். என் மனைவி என் பக்கத்தில் வந்தாள்.

“அவருகிட்ட கேளுங்க.”

“கிராணிதான் இல்லேன்னுட்டாரே.”

“நீங்க கேட்டது கிராணிகிட்ட. தொரைகிட்ட இல்லே.”

நான் அசையவில்லை. அவளே துறையை ஒட்டிய எங்கள் வீட்டுக்குள் போய்த் தகரத்தைக் கொண்டுவந்து மெக்கானிக் முன்னால் திறந்து வைத்தாள்.

அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். குந்தி உட்கார்ந்தார். நோட்டீஸைப் பார்த்தார். ஆணியை உருட்டிப் பார்த்தார். போட்டோவை எடுத்தவர் கீழே வைக்கவில்லை. பிறகு துணியை வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தில் இருந்த தையல் ஓட்டைகளை விரலால் எண்ணினார்.

மச்சான் விடவில்லை. “நேத்து எண்ணெயிலே முக்கி வச்ச கந்தலா இருக்கும்.”

அப்பா அன்று முதல் தடவையாக வாய் திறந்தார். “குறியைப் பாருங்க மாப்பிளே.”

மச்சான் நல்ல தொழில்காரர். அதை மறுக்க முடியாது. துணியை வாங்கினார், குறியை நகத்தால் சுரண்டினார், திருப்பிப் பார்த்தார். புது மை கறுப்பாக மேலே நிற்கும். பழைய மை துணியைத் தின்று பழுப்பாகப் பின்பக்கம் இறங்கிவிடும். இதில் மூன்று புள்ளியும் இறங்கி, விளிம்பு பொடிந்திருந்தது. வெகு நேரம் பார்த்தார்.

“குறி மாமா போட்டதுதான். பழசுதான்.” பிறகு மூக்கருகே கொண்டுபோனார். “ஆனா வாசனை ஒண்ணும் இல்லையே.”

அதுவும் உண்மை. காய்ந்து பிசின் மாதிரி ஆகிவிட்டிருந்தது. எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

அப்பா என் மனைவியிடம், “பெட்டியைக் கொண்டா” என்றார்.

சிரட்டைக் கரி கனன்றுகொண்டிருந்த இஸ்திரிப் பெட்டி. துணியின் மேல் ஒரு ஈரத் துணியை விரித்து, ஒரே ஒரு தடவை தேய்த்தார். ஆவி எழும்பியது.

மெக்கானிக் குனிந்தார். முகர்ந்தார். சட்டென்று நிமிர்ந்து தொப்பியைக் கழற்றினார். ஏதோ உரக்கச் சொன்னார். கிராணிக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“என்ன சொல்றாரு?” என்றார் மச்சான்.

“விளக்கெண்ணெய்ங்கிறாரு.”

“யாரை?”

துறையே அதிரச் சிரித்தது. கிராணி இரண்டு கையையும் ஆட்டினார். “திட்டலைய்யா! இந்த எண்ணெயைச் சொல்றாரு. அந்தக் காலத்து இஞ்சினுக்கு இதான் ஊத்துவாங்களாம். இவரே கையாலே ஊத்தியிருக்காராம்.”

மெக்கானிக் போட்டோவைக் காட்டிக் கையைச் சுழற்றிச் சுழற்றிப் பேசினார். கிராணி ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த மாதிரி ஏரோப்ளேனில் இஞ்சினே சுற்றுமாம். ஊற்றிய எண்ணெய் எல்லாம் வெளியே தெறிக்குமாம். ஓட்டுபவர் முகம், சட்டை, இறக்கை எல்லாம் எண்ணெய்தானாம். இப்போது உள்ளவை வேறு மாதிரியாம். பிறகு மெக்கானிக் அப்பாவிடம் கையை நீட்டினார். அப்பா தன் கையை வேட்டியில் துடைத்துவிட்டுக் கொடுத்தார்.

அப்பா அந்தத் துணியை உள்ளங்கையில் ஏந்தி மச்சான் முன்னால் நீட்டினார்.

“என்ன வாசனை மாப்பிளே?”

மச்சான் முகர்ந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“விளக்கெண்ணெய் மாமா.”

அப்பா அடுத்தவரிடம் போனார். அதே கேள்வி. அதற்கடுத்தவர். ஆவி அடங்கும்போதெல்லாம் என் மனைவி பெட்டியை நீட்டினாள். அப்பா தேய்த்தார், நடந்தார், கேட்டார். ஒருவரையும் விடவில்லை. யாரும் சிரிக்கவில்லை. யார் அதிகாரிகளிடம் பேசப் போவது என்று மறுபடி ஒருவரும் கேட்கவில்லை. அந்த வாரமே அப்பா போனார். துறை இன்றும் அதே இடத்தில் இருக்கிறது.

வரிசையில் கடைசி ஆள் நான். என் முன்னால் வந்து நின்றபோது அவர் கேள்வி கேட்கவில்லை. துணியை மட்டும் நீட்டினார். நான் கிராணியிடம் கேட்டதும் நம்பாமல் விட்டதும் அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முகர்ந்தேன். சொன்னேன்.

இப்போதும் கடைத்தெருவில் யாராவது யாரையாவது அந்தச் சொல்லால் திட்டும்போது, அன்று அதை என் அப்பா முன்னால் நின்று மரியாதையாகச் சொன்னவர்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன். என்னையும் சேர்த்து நாற்பத்தொரு பேர்.