மூன்றாம் கேபினில் சத்தம் வரவில்லை

ஓடிக்கொண்டிருக்கிற கம்ப்யூட்டரில் கை வைக்காதே என்று அண்ணனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் நாங்கள் இருவரும் சேர்ந்து பிரவுசிங் சென்டர் நடத்திய காலம் அது. முதல் போட்டவன் அவன். கம்ப்யூட்டர் படித்தவள் நான். ஆகவே முடிவுகளை அவன் எடுப்பான், விளைவுகளை நான் பார்த்துக்கொள்வேன்.

விண்டோஸ் தொண்ணூற்றெட்டு எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. திருச்சியில் ஏதோ ஒரு கடையில் புது விண்டோஸான எக்ஸ்பியைப் பார்த்துவிட்டு வந்த அண்ணன், "தொறந்ததும் ஒரு பச்சை மேடு வருது பாரு, மேல நீல வானம், கண்ணுக்கு அவ்வளவு குளிர்ச்சியா இருக்கு" என்றான். அந்த மேட்டுக்காக, நான் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, நான்கு மெஷின்களையும் மாற்றிவிட்டான். திங்கட்கிழமை வந்து பார்த்தேன். நான்கிலும் பச்சை மேடு இருந்தது. நான்கிலும் சத்தம் இல்லை.

"சத்தம் வரலன்னா என்ன, படம் வருதுல்ல" என்றான்.

மூன்று மெஷின்களைப் பொறுத்தவரை அவன் சொன்னது சரிதான். அவற்றில் பரீட்சை ரிசல்ட் பார்ப்பார்கள், பயோடேட்டா அடிப்பார்கள். யாரும் எதையும் கேட்பதில்லை. மூன்றாம் கேபின் அப்படியில்லை. அங்கேதான் மைக்கும் ஹெட்போனும் இருந்தன. வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களோடு வீட்டுக்காரர்கள் வாய்ஸ் சாட்டில் பேசுவது அந்த ஒரு கேபினில்தான். கடை வாடகையைக் கொடுத்ததும் அதுதான்.

டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் சவுண்ட் கார்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் கேள்விக்குறி உட்கார்ந்திருந்தது. டிரைவர் இல்லை என்று அர்த்தம். டிரைவர் என்பது கம்ப்யூட்டரின் உடம்புக்கும் விண்டோஸுக்கும் நடுவில் நின்று இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் சொல்கிற சின்ன புரோகிராம். அது இல்லாவிட்டால் சண்டை போட்ட தம்பதி மாதிரி இரண்டும் ஒரே வீட்டில் பேசாமல் இருக்கும்.

"டிரைவர் சிடி எங்க?"

"அசெம்பிள் பண்ணிக் கொடுத்தவருகிட்டதான் இருக்கும்" என்றான். அவர் அரியலூரில் கடை வைத்திருந்தார். அண்ணன் மொபெட்டில் அரியலூர் போய், மத்தியானம் முழுக்க அவரிடம் சத்தம் போட்டுவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தான். "உன்கிட்டதான் கொடுத்தேன்னு சாதிக்கிறான் அந்த ஆளு" என்றான். நான் கீழே இறங்கிப் போய் மொபெட்டைப் பார்த்தேன். பின்னால் வரும் வண்டிக்கு வெளிச்சம் அடிக்க வேண்டும் என்று நம்பர் பிளேட்டுக்கு மேலே ஒரு சிடியைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தான். அந்தக் காலத்தில் பாதி மாவட்டம் அப்படித்தான் கட்டியிருந்தது. கம்பியை அவிழ்த்துப் புழுதியைத் துடைத்துப் படித்தேன். தேடிப் போன சிடி அரியலூருக்கும் போய்விட்டுத் திரும்பியும் வந்திருந்தது.

அதை டிரைவில் போட்டேன். கரகரவென்று சுற்றியது. பிறகு தட்டை வெளியே தள்ளிவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அதைத் திரும்ப மொபெட்டிலேயே கட்டச் சொன்னேன். அவன் உண்மையாகவே கட்டினான்.

அப்புறம் டெலிபோன் லைனில் டவுன்லோடு. பாதியில் கரண்ட் போகும், முக்கால்வாசியில் யாராவது போன் போட்டு லைன் அறுந்துபோகும். கடைசியில் முழுதாக இறங்கியது எங்கள் கார்டுக்கான டிரைவர் இல்லை, அதே கம்பெனியின் அடுத்த மாடலுக்கானது. ஒட்டிப் பிறந்தவைபோல இருக்கிறதே, ஏற்றுக்கொள்ளும் என்று போட்டேன். பாதி ஏற்றுக்கொண்டது. மைக் வேலை செய்தது. ஹெட்போனிலும் ஸ்பீக்கரிலும் மட்டும் எதுவும் வரவில்லை. இங்கே பேசினால் அங்கே கேட்கும், அங்கே பேசினால் இங்கே கேட்காது.

அந்த நிலைமையில்தான் லெப்பைக்குடிக்காட்டு அக்கா வந்தார். வாரம் ஒரு தடவை பஸ் ஏறி எங்கள் கடைக்கு வருவார். அவர் ஊரிலேயே பேச இடமிருந்தது. ஆனால் "அங்க வாயத் தொறந்தா, நான் வூடு போய்ச் சேர்றதுக்குள்ள மாமியா காதுக்குப் போயிடும்மா" என்பார். கணவர் குவைத்தில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். கல்யாணமான வருஷமே போனவர். பேச ஆரம்பித்தால் பேசிக்கொண்டே இருப்பார் போல, கேபினுக்கு வெளியே எங்களுக்கு அக்காவின் "ம்", "சரிங்க", "ம்" மட்டும்தான் கேட்கும்.

நான் நிலைமையைச் சொன்னேன். "நீங்க பேசுறது அவருக்குக் கேக்கும்க்கா. அவர் பேசுறது உங்களுக்குக் கேக்காது. அவர் டைப் பண்ணுவாரு, நான் படிச்சுச் சொல்றேன்."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "நான் பேசுறது பூரா போவுமா?"

"போகும்."

"நடுவுல அவங்க பேசினா?"

"பேசலாம். இங்க வராது."

அவர் நாற்காலியை மைக்குக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

விஷயம் அவருடைய மகனைப் பற்றியது. பையன் பிளஸ் டூ முடித்திருந்தான். அதே மளிகைக் கடையில் அவனுக்கும் விசா சொல்லி வைத்துவிட்டார் கணவர். பாஸ்போர்ட் வந்துவிட்டது. பெருநாள் முடிந்ததும் அனுப்பி வை என்று போன வாரம் சொல்லியிருக்கிறார், அக்காவும் சரிங்க என்றிருக்கிறார். இப்போது மைக்கைப் பிடித்துக்கொண்டு, குவைத் தூரம் என்பதால், கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"ஏங்க, புள்ளைய நான் அனுப்ப மாட்டேங்க."

திரையில் ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது. அவர் ஒற்றை விரலில் அடிப்பவர். நான் படித்தேன். "'என்ன சொல்ற'ன்னு கேக்குறாருக்கா."

அதற்குள் அக்கா வெகுதூரம் போயிருந்தார். "ஒருத்தரை ஏத்தி அனுப்பினது போதும்ங்க. வூட்டுக்கு மாடி எடுத்தாச்சு. கீழயே ஆளில்ல, மாடியில யாருங்க படுக்கிறது? போன தடவை நீங்க லீவுல வந்தப்ப, உங்களை எந்த ரூம்ல படுக்க வைக்கிறதுன்னு எங்கிட்ட கேட்டான் உங்க புள்ள. விருந்தாளிக்குக் கேக்குற மாதிரி கேட்டான்."

"'நிறுத்து'ன்னு அடிச்சிருக்காருக்கா" என்றேன்.

"அடிச்சிட்டாங்களா? சரி" என்றுவிட்டுத் தொடர்ந்தார்.

இப்படியே போனது. மாமியாரைப் பற்றிச் சொன்னதற்கான பதில், அக்கா பையனின் காய்ச்சலைப் பற்றிப் பேசும்போது வந்து சேர்ந்தது. காய்ச்சலுக்கான பதில் மாடிப்படிக்கு வந்தது. நான் எல்லாவற்றையும் ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவதைப் போல ஒரே குரலில் படித்தேன். அந்த மனிதரை முரட்டு ஆள் என்று முடிவு கட்டியிருந்தேன். முகமும் குரலும் தெரியாத ஒருவர் 'நிறுத்து', 'பேசாதே' என்று அடித்துக்கொண்டிருந்தால் வேறென்ன நினைப்பது?

போகும்போது, "அடுத்த வாரத்துக்குள்ள சரி பண்ணிடுறேங்க்கா" என்றேன்.

"மெதுவா பாரும்மா, அவசரமில்ல" என்றார். அந்தக் கடையில் எனக்கு அப்படிச் சொன்ன ஒரே வாடிக்கையாளர் அவர்தான்.

மற்றவர்கள் சும்மா விடவில்லை. பேச வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். அண்ணன், "படிச்ச படிப்புக்கு ஒரு சத்தத்தை வரவைக்கத் தெரியல" என்று தன் மொபெட்டிடம் சொல்வதைப் போல என்னிடம் சொன்னான். அடுத்தடுத்த வாரங்களில் அக்கா வந்து அதையேதான் பேசினார், வேறுவேறு பக்கத்திலிருந்து. கணவரின் டைப்பிங் குறைந்துகொண்டே வந்தது. 'நிறுத்து' நின்றுபோனது. சவுண்டு எப்போது சரியாகும் என்று என்னைத்தான் ஒரு தடவை கேட்டார். பார்க்கிறேன் என்று அடித்தேன்.

பெருநாளுக்கு முந்தின வாரம். பையனுக்கு டிக்கெட் போட வேண்டிய நேரம். அக்கா பேசிக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் நின்று வால்யூம் கன்ட்ரோலைக் குடைந்துகொண்டிருந்தேன். சோதனைக்காக ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரைச் செருகியிருந்தேன். அட்வான்ஸ்டு என்ற பட்டனுக்குள் போனால், நான் அதுவரை பார்க்காத ஒரு சின்னக் கட்டத்தில் டிக் விழுந்திருந்தது. டிஜிட்டல் வழியாக மட்டும் சத்தத்தை அனுப்பு என்று அதற்கு அர்த்தம். எங்கள் மெஷினில் டிஜிட்டல் வழியே கிடையாது. இத்தனை வாரமும் சத்தம், இல்லாத ஒரு வாசலில் போய் நின்றுகொண்டிருந்திருக்கிறது. டிக்கை எடுத்தேன்.

ஒன்றும் வரவில்லை.

திரையிலும் அவர் எதுவும் அடிக்கவில்லை. ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். வால்யூமை முழுக்க ஏற்றினேன். ஒன்றும் இல்லை. டிரைவரைத் தூக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து போட வேண்டும் என்று நினைத்து எரிச்சலோடு மவுஸை நகர்த்தியபோது, ஸ்பீக்கரில் ஒரு ஃபிரிட்ஜ் உறுமியது. எங்கள் கடையில் ஃபிரிட்ஜ் கிடையாது. தூரத்தில் யாரோ அரபியில் ஏதோ கேட்டார்கள். பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

சவுண்ட் கார்டு நன்றாகத்தான் இருந்தது. அவர்தான் பேசவில்லை.

அக்கா சொல்லிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்பீக்கரைப் பார்த்தார். நான் மைக்கில் சொன்னேன்: "சார், சவுண்டு வந்துடுச்சு. இனிமே நீங்க பேசினா இங்க கேக்கும்."

"சரிம்மா" என்றது ஸ்பீக்கர். மெல்லிய குரல். நான் நினைத்திருந்த குரலே இல்லை. "அவ சொல்லி முடிக்கட்டும்."

கேட்கும் என்று தெரிந்ததும் அக்காவின் குரல் பாதியாகிவிட்டது. "அவ்வளவுதாங்க. புள்ள இங்கயே இருக்கட்டுங்க."

மறுபடி அமைதி. பழக்கதோஷத்தில் என் கை வால்யூமுக்குப் போனது. அது சரியாகத்தான் இருந்தது.

"இருக்கட்டும்" என்றார் அவர். பிறகு, "சம்பாதிக்கச் சொல்லி ஒண்ணும் அவனைக் கூப்பிடல. ராத்திரி கடையச் சாத்திட்டு வந்தா, எங்கூட ஒரு வாய் சோறு திங்க ஆளில்ல. அதான் கூப்பிட்டேன்" என்றார்.

இத்தனை வாரமும் அவர் சொன்னதை எல்லாம் நான் என் குரலில்தானே படித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அப்ப நீங்க வந்துடுங்களேன்" என்றார்.

நான் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினேன். ஹெட்போனைச் செருகி அக்காவின் தலையில் மாட்டிவிட்டு, கேபின் திரையை இழுத்துவிட்டு வெளியே வந்தேன். அவர் சொன்ன பதில் அக்காவுக்கு மட்டும்தான் கேட்டது.